வெந்நீரில் போட்டு மாட்டவும்

மச்சான்,

உங்க நாப்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போன வாரம் லப்பைக்குடிக்காட்டுக்கு வந்திருந்தேன். உள்ளே நுழைந்ததும் உங்க மகன் எனக்காக ஒரு ஸ்டீல் நாற்காலியை இழுத்துப் போட்டான். புதுசாகப் போட்ட டைல்ஸ் தரை. அதில் இரும்பு நாற்காலியை இழுத்தால் பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வரணும். வரவில்லை. உட்காருவதற்கு முன்னால் குனிந்து பார்த்தேன். நாலு காலிலும் நம்ம கறுப்பு புஷ், குல்லா போட்ட மாதிரி. துக்க வீட்டுக்கு வந்தவன் நாற்காலிக்கு அடியில் தலையை விட்டு என்ன தேடுகிறான் என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும். அந்தப் புஷ்ஷோட முழுக் கதையும் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் ரெண்டே பேர். இப்போ நான் ஒருத்தன்தான்.

அன்றைக்கு உங்க வீட்டில் ஒன்று நடந்துபோச்சு. அதை உங்களிடம்தான் சொல்ல முடியும். அதுக்கு முன்னால் பழசைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனா நான் சொல்ல நீங்க பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது.

நீங்க ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தீங்க. அங்கே பிளாஸ்டிக் கம்பெனியில் பத்து வருஷம் மிஷின் ஓட்டியவர். பெரம்பலூரில் துறையூர் ரோட்டோரம் என் சைக்கிள் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதை வந்து பார்த்தீங்க. இங்கே என்னங்க வைக்கப்போறீங்க என்று கேட்டேன். "பிளாஸ்டிக் சாமான் அடிக்கப்போறேன். உங்களுக்கு மிஷின் பழக்கம் உண்டுங்களா?" என்றீங்க. எனக்குத் தெரியாத மிஷினா, கோயமுத்தூரில் லேத் பட்டறையில் எட்டு வருஷம் இருந்தவன் என்று சொன்னேன். உங்களிடம் எதுக்கு மறைக்கணும், எட்டு மாசம். அதிலும் ஆறு மாசம் இரும்புத் தூள் கூட்டினேன்.

மிஷின் வந்து இறங்கியது. ஆள் உயரம். மேலே ஒரு புனல், அதன் கீழே ஒரு கனத்த குழாய், குழாயைச் சுற்றி ஹீட்டர், பக்கத்தில் கிணற்று ராட்டினக் கம்பு மாதிரி நீளமாக ஒரு கைப்பிடி. அரிசிக் குருணை மாதிரி இருக்கிற பிளாஸ்டிக்கைப் புனலில் கொட்டினால் குழாய்க்குள் போய் உருகும். கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் மேலேயிருந்து ஒரு தண்டு இறங்கி, உருகினதை மூக்கு வழியாக அச்சுக்குள் தள்ளும். கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்திருக்கணும். விட்டுட்டால் சாமான் அரைகுறையாகப் பிறக்கும். அதிகம் அமுக்கினால் அச்சு இடுக்கு வழியாகப் பிசிறு வழியும். பிறகு ஆறவிட்டு, அச்சைத் திறந்து, சாமானைத் தட்டி எடுத்து, வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதைக் கத்தியால் சீவி எறியணும். எறிகிறது என்ன எறிகிறது, அதையும் அரைத்து மறுபடி புனலில் போடுகிறதுதான்.

நான் ரெண்டே நாளில் பழகிவிட்டேன். சித்திரை மாச வெயிலும் ஹீட்டர் சூடும் சேர்ந்து அந்தக் கொட்டகையில் அடிக்கிற காய்ச்சல் இருக்கே, கூரையில் உட்கார்ந்த காக்காய் ஒன்று கால் ஒட்டிக்கொண்டு பறக்க முடியாமல் தவித்தது. நான்தான் ஏறி எடுத்துவிட்டேன்.

நீங்க என்னிடம் ஒரு விஷயம் சொன்னது அந்தக் கொட்டகையில்தான். ஆறு மாசத்துக்குள் திரும்பிப் போகவில்லை என்றால் விசா செத்துப்போகும். உங்க மகனுக்கு அப்போ ஏழு வயசு. காலையில் எழுந்ததும் உங்களைப் பார்த்து, விருந்தாளியைக் கேட்கிற மாதிரி, எப்போ போறீங்க என்று கேட்பானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னீங்க. அப்புறம் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே சொன்னீங்க: "இந்த ஆறு மாசத்துல ஒரு பெரிய ஆர்டர் நல்லா ஓடிட்டா நான் போகல மச்சான். ஓடலைன்னா மிஷின் மேல சாக்கைப் போட்டு மூடிட்டு பிளேன் ஏறிடுவேன்."

சோப்பு டப்பா, பாட்டில் மூடி என்று சின்னச் சின்ன வேலையாகவே நாலு மாசம் ஓடிப்போனது. பெரிய ஆர்டரை நான்தான் கொண்டுவந்தேன். இதில் கூட்டல் இல்லை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி வைத்திருந்த ஒருத்தர் கல்யாண மண்டபம் கட்டினார். வழுவழு என்று தரை போட்டு, முகம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். முதல் கல்யாணமே அவர் மகளுக்கு, ஆவணி முகூர்த்தத்தில். இரும்பு நாற்காலி ஐநூறு அடித்து வாங்கிவிட்டார். அப்புறம்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் பார்த்திருக்கிறார். தரையில் கோடு. அந்த மனுஷன் துண்டால் அந்தக் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். எங்க பார்ட்னர் ஷார்ஜாவில் அரபு ஷேக்குகள் உட்காருகிற நாற்காலிக்கே புஷ் போட்டவர், உங்க தரையில் எறும்பு நடந்தால் என்ன சத்தமோ அதுதான் வரும் என்று சொல்லி, ரெண்டாயிரம் புஷ்ஷுக்கு வாக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். வெளியில் சொல்லும்போது பத்தாயிரம் என்று சொல்வேன். உங்களிடம் ரெண்டாயிரம்தான்.

பாங்கி நாற்காலி ஒன்றிலிருந்து கழற்றின பழைய புஷ் ஒன்று சாம்பிள். அதைக் கொண்டுபோய்க் கோயமுத்தூரில் அச்சு வெட்டிவர யார் போவது? அங்கே எனக்குத் தெரியாத பட்டறையா என்று நான்தான் துள்ளினேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிடும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீங்க சொன்னீங்க. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். நாம் உருக்குகிற மால் நூற்றுக்கு ரெண்டரை சுருங்கும். அதனால் அச்சை அந்த அளவுக்குப் பெரிசாக வெட்டச் சொல்லணும். நான் தலையை ஆட்டினேன். என் கண்ணோ, முன் ஸீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்த ஒருத்தன் மேல் இருந்தது.

பட்டறைக்காரர் கண்ணாடி போட்ட ஒல்லி மனுஷன். சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுருக்கம் சேர்த்தாச்சுங்களா, இல்ல நாங்க சேர்த்துக்கறதுங்களா?" என்று கேட்டார். நூற்றுக்கு எத்தனை என்று நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை மச்சான். ஆறாம் கிளாஸைத் தாண்டாதவனுக்கு நூற்றுக்கு எத்தனை என்கிற பேச்சு எங்கே ஏறும்? சுற்றி நாலு பேர் வேலை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா. சேர்த்தாச்சு. சாம்பிள் எப்படியோ அப்படியே வெட்டுங்க, மயிரிழை மாறக்கூடாது" என்று சொன்னேன். அவர் மயிரிழை மாறாமல் வெட்டினார். நல்ல தொழிலாளி.

மூணு வாரம் கழித்து அச்சு வந்தது. ஒரு இழுப்புக்கு ரெண்டு புஷ். முதல் இழுப்பை நான்தான் இழுத்தேன். அச்சைத் திறந்ததும் ஒன்றைத் துணியால் பிடித்து, சூட்டோடு நாற்காலிக் காலில் வைத்து அமுக்கினேன். சப்பென்று ஏறியது. பார்த்தீங்களா என்று நான் கையைத் தட்டினேன். நீங்க ரெண்டாவதைத் தொடவே இல்லை. "ஆறட்டும் மச்சான். சூட்டுல அளக்காதீங்க" என்று மட்டும் சொன்னீங்க.

ஆறியது. நீங்க எடுத்து வைத்துப் பார்த்தீங்க. ஏறவில்லை. சுத்தியலால் தட்டினீங்க. வாய் பிளந்துகொண்டு தெறித்தது. அளந்து பார்த்தால் கால் நூல் குறைவு. கால் நூல் என்றால் நகத்து அழுக்கு கனம். ஆனால் இரும்புக் குழாய் இறங்கி வருமா?

சுருக்கம் சேர்க்கச் சொன்னீங்களா என்று என்னைக் கேட்டீங்க. சொன்னேன், அந்த ஆளுதான் கேட்கவில்லை என்றேன். பிளந்த புஷ்ஷை மேஜையில் வைத்துவிட்டு, பட்டறைக்குப் போன் போட எஸ்.டி.டி. பூத்துக்குப் போனீங்க. அரை மணி நேரம் கழித்து வந்து, லைன் கிடைக்கவில்லை என்றீங்க. அதுக்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு மாசம் கழித்துப் பூத்துக்காரர் பேச்சுவாக்கில், அன்னிக்கு பாய் கோயமுத்தூருக்குப் பத்து நிமிஷம் பேசினாரே, வேலை முடிஞ்சுதா என்று என்னிடம் கேட்டார். எனக்கு வெயிலில் நிற்கிற மாதிரி இருந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள். உங்க விசாவுக்கு இருபது நாள். வேற அச்சு வெட்ட மறுபடி மூணு வாரம் ஆகும். அன்று சாயங்காலம் நீங்க மிஷினைத் துடைத்து வைத்த விதத்தைப் பார்த்தே தெரிந்தது, மனசுக்குள் சாக்கைத் தேடிவிட்டீங்க என்று. மகனுக்கு என்ன பதில் சொல்லுவீங்களோ என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் பின்னால் வெங்காயக் காட்டில் ஒரு ஆள் மோட்டாருக்குக் கறுப்புப் பைப் மாட்டிக்கொண்டிருந்தார். பைப் முனையைச் சோளத்தட்டைத் தீயில் காட்டி, இளகினதும் இரும்பு மூக்கில் ஏற்றி, தண்ணீரை ஊற்றினார். நம்ம ஊரில் எந்தக் காட்டிலும் நடக்கிறதுதான். நானும்தான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். நீங்க வேலியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தீங்க. அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரம்பலூரில் உங்க மாமியார் வீட்டுக்குப் போய், பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சாவைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தீங்க. எதுக்கு என்று நான் கேட்டதுக்கு, அடுப்புக்குக் கல்லு கூட்டுங்க என்றீங்க.

தண்ணீர் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்காரர் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். மேஜை மேல் அடித்து வைத்திருந்த புது புஷ் ஒன்றை எடுத்து, சாம்பிளுக்கு வைத்திருந்த அவருடைய நாற்காலிக் காலிலேயே மாட்டிப் பார்த்தார். ஏறவில்லை.

"என்னாய்யா இது, பொம்மை நாற்காலிக்குப் பண்ணீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். கோயமுத்தூர்க்காரன் மேல் பழி போடத்தான் திறந்தேன். நீங்க முந்திக்கொண்டீங்க.

"சின்னதா இருக்கணும்னுதான் சார் பண்ணது. அளவாப் பண்ணா நாலு நாள்ல கழண்டு விழுந்துடும். இதை வெந்நில போட்டு மாட்டணும். ஆறுச்சுன்னா கவ்விக்கும். இவரோட யோசனைதான்."

என்னைக் காட்டினீங்க. நாம் இன்னும் ஒரு புஷ்கூட அப்படி மாட்டிப் பார்த்திருக்கவில்லை. தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தது நான்தான், அதையும் சொல்லிக்கொள்கிறேன். என்ன பேசினேன் என்று தெரியாது. என் கண் முழுக்கத் தேக்சாவில்.

கொதித்ததும் இடுக்கியால் ஒன்றை எடுத்து, காலில் வைத்து, மரக்கட்டையால் ஒரே தட்டு. ஏறியது. பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஆறட்டும் என்றீங்க. நாலு பேரும் அந்த ஒற்றைக் காலையே பார்த்துக்கொண்டு நின்றோம், டிரைவரையும் சேர்த்து. அப்புறம் மண்டபத்துக்காரர் உட்கார்ந்து கையால் இழுத்தார். திருகினார். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, காலை மிதித்துக்கொண்டு, ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தார். முகம்தான் சிவந்தது. புஷ் வரவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இது உன் யோசனையாய்யா?"

அந்த இடத்தில் நான் இல்லை என்று சொல்லியிருக்கணும். மூணு நாள் தூங்கலைங்க என்று சொன்னேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் கை வேலை. அஞ்சு நாளில் ரெண்டாயிரம் அடித்தோம். அரியலூர் மண்டபத்தின் பின்பக்கம் தேக்சாவை ஏற்றி, நாற்காலியை வரிசையாகக் கவிழ்த்துப் போட்டு மாட்டினோம். என் விரல் ரெண்டு வாரம் வெந்துபோய்க் கிடந்தது. கல்யாணத்தன்று நாம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். தாலி கட்டி முடித்ததும் பந்திக்கு ஐநூறு பேரும் ஒரே மூச்சாக எழுந்து நாற்காலியைத் தள்ளினார்கள். சத்தமே இல்லை. நீங்க என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினீங்க. தேக்சாவில் மட்டும் பிளாஸ்டிக் வாடை போகவில்லை. உங்க சம்சாரம், நம்ம தங்கச்சி, அதைப் புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, கடைசியில் மாட்டுக்குத் தண்ணி காட்டத் தள்ளிவிட்டுவிட்டது. அதுக்கு நீங்க வாங்கின திட்டு தனி.

விசா கடைசி நாளன்று பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கொட்டகைக்கு வந்தீங்க. சாயங்காலம் பஸ்ஸெல்லாம் போன பிறகு எடுத்துக் காட்டி, செத்துப்போச்சு மச்சான் என்று சொல்லிவிட்டு, அடுத்த இழுப்பை இழுத்தீங்க. அப்புறம் உங்க மகன் எப்போ போறீங்க என்று கேட்பதை எப்போது நிறுத்தினான் என்று உங்களுக்கே ஞாபகம் இல்லை என்று சொன்னீங்க.

பூத்துக்காரர் அப்படிக் கேட்டதும் நான் உங்களிடம் வந்து நின்றேன். அச்சு என் தப்பு, யோசனை உங்களது, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். வாலைச் சீவிக்கொண்டே, நிமிராமல் சொன்னீங்க: "தப்பு உங்களோடதுன்னா, அதுலேருந்து வந்ததும் உங்களோடதுதான். ரெண்டையும் சேத்து வெச்சுக்குங்க."

நான் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். இருபத்தஞ்சு வருஷமா அந்த வெந்நீர்க் கதையைச் சொல்லாத டீக்கடை இல்லை. ஆண்டிமடத்தில் சொன்னேன், அரும்பாவூரில் சொன்னேன், திருமழபாடித் தேரில் முன்பின் தெரியாத ஒருத்தரிடம் சொன்னேன். கோயமுத்தூரிலிருந்து இன்ஜினியர்கள் வந்து என்னிடம் கேட்டுக்கொண்டு போனதாகக்கூடச் சொன்னேன். நீங்க பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பீங்க. கேட்கிறவர் உங்க முகத்தைப் பார்த்தால், "மச்சான் பேச்சு சூட்டுல இருக்கற அளவு. ஆறுனா கொஞ்சம் சுருங்கும்" என்பீங்க. அவ்வளவுதான். யோசனை யாருடையது என்கிற இடத்தில் மட்டும் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருப்பீங்க.

இப்போ போன வாரத்துக்கு வரேன்.

நெய்ச்சோறு, தால்ச்சா எல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். உங்க மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொட்டகையை அவன் நல்லாத்தான் நடத்துகிறான். ரெண்டு ஆட்டோமேட்டிக் மிஷின். பொத்தானை அமுக்கினால் அதுவே உருக்கி, அதுவே தள்ளி, அதுவே திறந்து கொட்டுகிறது. ஆனா புஷ்ஷுக்கு மட்டும் அளவை மாற்றவில்லையாம். அதே கால் நூல் குறைவு. பாக்கெட்டுக்குள் சீட்டு அடித்துப் போடுகிறான்: வெந்நீரில் போட்டு மாட்டவும். ஒரு பாக்கெட்டை என் கையில் கொடுத்து, "உங்க அளவுதான் மாமா" என்றான்.

அந்தச் சீட்டைப் படித்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. தம்பி, ஒரு விஷயம் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் ஜன்னல், ஒல்லி மனுஷன், நான் சொன்ன பொய், நீங்க வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது, ஜீப், எல்லாம். "அது உங்கத்தா யோசனை. சின்னதா அச்சு போட்டதுதான் நான்" என்று முடித்தேன். இவ்வளவு நேரம் கூட்டாமல் பேசியது என் ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை.

அவன் சிரித்தான். துக்க வீடு என்று பாதியில் அடக்கிக்கொண்டான்.

"அத்தா மௌத்தாவறதுக்கு ஒரு வாரம் முன்னாடிகூடச் சொன்னாங்க மாமா. 'மாமா சொல்றதுல பாதியத் தள்ளிடு. அந்த வெந்நி விஷயம் மட்டும் முழுசும் நெசம், நான் கூடவே இருந்தேன்'னு. நீங்க என்னடான்னா இன்னிக்குப் போயி அடக்கமாப் பேசுறீங்க."

இல்லைப்பா என்றேன். நெசமாத்தான் என்றேன். "சரிங்க மாமா" என்று என் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டான், வயசானவனைச் சமாதானம் பண்ணுகிற மாதிரி. உள்ளேயிருந்து தங்கச்சி, அண்ணே டீ குடிச்சுட்டுப் போங்க என்றது. குடித்தேன். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

முதல் இழுப்பில் வந்த ரெண்டு புஷ்ஷில் சூட்டோடு நான் மாட்டினதை அப்புறம் அறுத்துத்தான் எடுத்தோம். மற்றதைத் தட்டிப் பிளந்தீங்க. அன்றைக்கு மதியம் நீங்க இல்லாதபோது, நம்பிக்கை இல்லாமல் நான் மறுபடி ஒரு இழுப்பு அடித்துப் பார்த்தேன். அதுவும் ஏறவில்லை. அதில் ஒன்று என்னிடமே இருக்கிறது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொள்ள அளவான டப்பி, மேலே ஒரு காகித மூடி. மடியிலேயே கிடக்கும். விரலை விட்டு வழிக்கும்போதெல்லாம் அந்தக் கால் நூல் குறைவு தட்டுப்படும்.

இனிமே இதை யாரிடம் சொன்னாலும் நம்பப்போவதில்லை. அதனால்தான் உங்களுக்கே எழுதிவிட்டேன். நல்லா ஆறவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன் மச்சான். அளந்து பாருங்க, எல்லாம் சரியா இருக்கும். அந்தக் காக்காயைத் தவிர.